கையடக்க ஜிபிஎஸ்: கண்மாயை அளக்கும் முன் எந்தச் சோதனையை நம்பலாம்?

ஊர்க் கண்மாய்களையும் ஏரிகளையும் அளந்து வரைபடத்தில் ஏற்றும் வேலையில் இப்போது நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், பாசன விவசாயிகள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடத்தில் பங்களிப்பவர்கள் எனப் பல தரப்பினர். கையில் இருப்பது பெரும்பாலும் கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் மாதிரி ஒரு ஜிபிஎஸ் கருவி, இல்லையென்றால் செல்போன். வேலையைத் தொடங்கும் முன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இது எத்தனை மீட்டர் வரை சரியாகக் காட்டும்?

பெட்டியிலும் விளம்பரத்திலும் உள்ள எண் திறந்த வானத்துக்கு உரியது. உங்கள் கண்மாய்க் கரையில், சீமைக் கருவேலத்துக்கு நடுவில், மத்தியான வெயிலில் அது என்ன காட்டும் என்பதை நீங்களேதான் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. கருவி தன் திரையில் காட்டும் துல்லிய எண்ணைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புள்ளி எடுக்கலாம். செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். டேப்பால் அளந்த தூரத்தோடு ஒப்பிடலாம். கடைசியாக, நிலை துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் கருவியைக் கொண்டுபோய் வைக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவாக, பல கண்மாய்களை வரையப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஆர்டிகே ரோவரும் (திருத்தத் தகவலை வாங்கிச் சென்டிமீட்டர் அளவில் நிலை சொல்லும் ஜிபிஎஸ் கருவி) அதை இயக்கத் தெரிந்த ஆளும் வாடகைக்கு எடுத்து, சோதனைப் புள்ளிகளை ஒருமுறை சரியாக நிறுவிக்கொள்வதுதான் நல்லது. அதற்கு வழியில்லாதவர்கள் வெவ்வேறு நேரங்களில் திரும்ப எடுக்கும் சோதனையையும் டேப் சோதனையையும் சேர்த்துச் செய்யட்டும். பலரும் முதலில் ஓடுவது செயற்கைக்கோள் படத்திடம். துல்லியத்தைச் சோதிக்க அதைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

முதலில், வேலை என்ன?

மதகு எங்கே இருக்கிறது என்று குறிப்பது ஒரு வேலை. கண்மாயின் நீர்ப்பரப்பு எத்தனை ஹெக்டேர் என்று கணக்கிடுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் வேண்டிய துல்லியம் வேறு, அதனால் சோதனையும் வேறு.

மதகைக் குறிக்கும்போது, அந்தப் புள்ளி பூமியில் உண்மையாக இருக்கும் இடத்தில் விழ வேண்டும். வேறொருவர் எடுத்த வாய்க்கால் வரைபடத்தை அதன் மேல் வைத்தால் இரண்டும் பொருந்த வேண்டும். இங்கே கணக்கில் வருவது மொத்தப் பிழை. பரப்பளவுக்கு அப்படியில்லை. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து 4 மீட்டர் கிழக்கே தள்ளிப்போனாலும் பரப்பளவு மாறாது. புள்ளிகள் ஒன்றுக்கொன்று எப்படித் தடுமாறுகின்றன என்பதே அங்கே முக்கியம்.

இதை எண்ணில் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 64 மீட்டர். நான்கு மூலைகளிலும் கிழக்கு மேற்காக 3 மீட்டர், வடக்கு தெற்காக 3 மீட்டர் என்ற அளவில் தனித்தனியாகப் பிழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவில் அது சுமார் 270 சதுர மீட்டர் தடுமாற்றமாக முடியும். அதாவது ஆறேழு சென்ட். இதே பிழையோடு 10 ஹெக்டேர் சதுரத்தை நான்கு மூலை எடுத்து அளந்தால் தடுமாற்றம் சுமார் 1,340 சதுர மீட்டர், மொத்தத்தில் 1.3 சதவீதம்தான். கண்மாய்க்கு இது தாராளமாகப் போதும். பட்டா நிலத்தின் எல்லைக்குப் போதவே போதாது. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு என்றால் கைக்கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது சர்வேயரின் வேலை.

வரைபடத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 1:10,000 அளவில் தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 5 மீட்டர். 1:50,000 அளவில் அது 25 மீட்டர். 1:50,000 அளவில் வரைகிறவர் 3 மீட்டரா 5 மீட்டரா என்று மெனக்கெடத் தேவையில்லை. ஒரு பெரிய தவறு நடக்கவில்லை என்று உறுதி செய்தால் போதும்.

திரையில் தெரியும் எண்

‘துல்லியம் 3 மீ’ என்று கருவியே காட்டும்போது எதற்குச் சோதனை என்று தோன்றும். அந்த எண் கருவி தன்னைப் பற்றித் தானே போடும் மதிப்பீடு. வானத்தில் செயற்கைக்கோள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பவற்றை வைத்து அது கணக்கிடுகிறது. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னலை நேராக வந்ததாக நினைத்துக்கொண்டால், தவறான இடத்தைக் காட்டியபடியே ‘3 மீ’ என்றும் சொல்லும்.

இன்னொன்று, ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. ஆண்ட்ராய்டு செல்போனில் இந்த எண் 68 சதவீத வாய்ப்புள்ள வட்டத்தின் ஆரம். மூன்றில் ஒரு தடவை நீங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம் என்பதே அதன் பொருள். அதனால் செல்போன் 4 என்றும் ஈட்ரெக்ஸ் 3 என்றும் காட்டினால், ஈட்ரெக்ஸ் சிறந்தது என்று முடிவு செய்ய முடியாது. இந்த எண்ணுக்கு ஒரு பயன் உண்டு: திடீரென்று 3 என்பது 12 ஆனால் நில்லுங்கள், புள்ளி எடுக்காதீர்கள். எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம். சோதனை முடிவாக அதைப் பதிவு செய்யக் கூடாது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப

செலவே இல்லாத சோதனை இது. ஆனால் பலர் இதைச் செய்யும் விதத்தில் பாதிப் பலன் போய்விடுகிறது.

வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், ஓர் இடத்தில் பத்து நிமிடம் நின்று நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பதிவு செய்கிறார்கள். எல்லாம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உடனே ‘எங்கள் கருவி ஒன்றரை மீட்டர் துல்லியம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மையான துல்லியம் ஆகாது. ஜிபிஎஸ் பிழை நொடிக்கு நொடி குதிப்பதில்லை, மெதுவாக நகர்கிறது. வானத்தில் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாற நேரம் பிடிக்கும். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் ஏற்படுத்தும் தாமதமும் மணிக்கணக்கில்தான் மாறும். பத்து நிமிடத்தில் எடுத்த அத்தனை புள்ளிகளும் ஒரே பிழையைச் சுமந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் பல கருவிகள் நிலையை மழமழப்பாக்கிக் காட்டும்.

கார்மின் கையேட்டில் இதற்கு ஒரு நல்ல அறிவுரை இருக்கிறது. ஒரு வேபாயிண்டை, அதாவது கருவியில் குறித்துவைக்கும் புள்ளியை, சராசரி எடுக்க வேண்டுமானால் 4 முதல் 8 மாதிரிகள் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது 90 நிமிடம் விடுங்கள் என்கிறார்கள். சோதனைக்கும் இதே விதிதான். காலையில், முற்பகலில், மத்தியானத்தில், மாலையில் என்று எடுங்கள். மறுநாளும் எடுங்கள், ஆனால் அதே நேரத்தில் மட்டும் எடுக்காதீர்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வானில் ஏறக்குறைய அதே அமைப்புக்கு வந்துவிடும். நேற்றுக் காலை 7 மணிக்கும் இன்று காலை 7 மணிக்கும் எடுத்த புள்ளிகள் அழகாகப் பொருந்தினால் அதற்குப் பாதிக் காரணம் இதுவே. பக்கத்துச் சுவர் எதிரொலிக்கும் சிக்னல்கூட அதே விதமாகத் திரும்ப வரும்.

நேரம் தமிழ்நாட்டில் இன்னும் முக்கியம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்து 1963இல் அங்கிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதற்கு இதுதான் காரணம். இந்தக் கோட்டுக்கு அருகிலும், அதிலிருந்து இரு பக்கமும் சுமார் 15 டிகிரி தள்ளியும் அயனமண்டலம் மிகவும் கொந்தளிப்பானது. பகலில் அதன் அடர்த்தி ஏறிக்கொண்டே போய் மத்தியானம் 2 மணி வாக்கில் உச்சத்தை அடையும், அதிகாலையில் மிகக் குறைவு. எல்1 அலைவரிசையை மட்டும் வாங்கும் சாதாரணக் கைக்கருவிக்கு இந்தத் தாமதத்தை நேரடியாக அளக்க வழியில்லை. செயற்கைக்கோள் அனுப்பும் பொதுவான மாதிரியை வைத்துத் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம் பிழையில் சுமார் பாதியைத்தான் நீக்கும். ஆகவே காலை 6 மணிக்குச் சோதித்துவிட்டு மத்தியானம் அளக்கப் போனால் சோதனை ஒன்று சொல்லும், வேலை வேறொன்று சொல்லும். சூரியன் மறைந்தபின், குறிப்பாக மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சிக்னல் மினுமினுத்துத் தடுமாறும். இரவில் யாரும் கண்மாய் அளப்பதில்லை என்றாலும், வேலை முடித்து வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் சோதிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்1, எல்5 இரண்டையும் வாங்கும் கருவிகளில் இந்தப் பிரச்சினை குறைவாக இருக்க வாய்ப்புண்டு. கார்மினில் ஜிபிஎஸ்மேப் 65எஸ், 66எஸ்ஆர் இந்த வகை. இந்தியாவின் ககன் திருத்தச் சிக்னலைச் சில கருவிகள் எடுத்துக்கொள்ளும். அமைப்பில் அதைத் திறந்தும் மூடியும் இரண்டு விதமாகவும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இந்தச் சோதனை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒன்றை மட்டும் சொல்லாது. புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்று தெரியும். அந்தச் சிதறலின் நடுப்புள்ளி உண்மையான இடத்தில் இருக்கிறதா என்று தெரியாது. அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

செயற்கைக்கோள் படம்

வெளிச்சாட்சியாக எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பது கூகுள் எர்த் படம். எடுத்த புள்ளியைப் படத்தின் மேல் போட்டுப் பார்த்து, மதகின் மேல் விழுந்தால் கருவி சரி, விழாவிட்டால் தவறு என்று முடிவு கட்டுகிறார்கள்.

படத்துக்கும் பிழை உண்டு என்பதை இங்கே மறந்துவிடுகிறோம். கூகுள் எர்த் புரோவில் பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரே மதகு ஓர் ஆண்டிலிருந்து இன்னோர் ஆண்டுக்குச் சில மீட்டர் நகர்ந்து நிற்பதைக் காணலாம். மதகு நகரவில்லை, படத்தைத் தரையோடு பொருத்திய விதம்தான் மாறியிருக்கிறது. மலைப்பாங்கான இடத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். உயரமான தண்ணீர்த் தொட்டியின் உச்சி, கோபுரத்தின் உச்சி இவையெல்லாம் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்திருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைகிறவர்களுக்கு இது தெரியும். படத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்த அவர்கள் ஜிபிஎஸ் தடங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படியிருக்க அந்தப் படத்தை வைத்து ஜிபிஎஸ்ஸைச் சோதிப்பதில் என்ன பொருள்?

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து இடங்களில் உங்கள் புள்ளிகள் படத்திலிருந்து கிழக்கே 3, 2, 4, 3, 3 மீட்டர் விலகி விழுகின்றன என்று வையுங்கள். வடக்கு தெற்கில் வித்தியாசம் பெரிதாக இல்லை. சராசரியாக 3 மீட்டர் கிழக்கே. இது கருவியின் தவறா, படத்தின் தவறா? இந்த ஐந்து எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் வராது.

ஆனால் பெரிய தவறுகளைப் பிடிக்கப் படத்தைப் போல எளிதானது வேறில்லை. கருவியில் டேட்டம், அதாவது அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பூமி மாதிரி, தவறாக இருந்தால் படத்தில் உடனே தெரிந்துவிடும். இந்தியப் பழைய நில அளவை 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரி) அடிப்படையாகக் கொண்டது, ஜிபிஎஸ்ஸோ டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறொரு மாதிரியை. பழைய டோபோ ஷீட்டை (நில அளவைத் துறையின் நிலவமைப்பு வரைபடத்தை) பார்த்து யாராவது கருவியை ‘இந்தியன்’ டேட்டத்துக்கு மாற்றி வைத்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். யுடிஎம் மண்டலமும் அப்படித்தான். இடத்தை மீட்டரில் சொல்ல உலகை 6 டிகிரி அகலமுள்ள பட்டைகளாகப் பிரிக்கும் முறை அது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாக வெட்டுகிறது. திண்டுக்கல் நகரம் அதற்குச் சற்று மேற்கே 43ஆம் மண்டலத்தில், மதுரை சற்றுக் கிழக்கே 44ஆம் மண்டலத்தில். இரண்டு ஊருக்கும் நடுவே அளக்கிறவர்கள் மண்டல எண்ணை எழுதாமல் விட்டால் புள்ளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவிடும். இதையெல்லாம் படம் ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். மூன்று மீட்டரா ஐந்து மீட்டரா என்பதை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

டேப்பும் சர்வே கல்லும்

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்எம்பி என்கிற புலப்படம் உண்டு. அதில் கல்லுக்குக் கல் தூரம் எழுதியிருக்கும். அரசின் இணையச் சேவையில் நகல் எடுக்கலாம். பழைய புலப்படமாக இருந்தால் தூரம் மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கலாம். ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர், நூறு லிங்க் ஒரு சங்கிலி. இதைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இரண்டு சர்வே கற்களில் புள்ளி எடுத்து, ஜிபிஎஸ் தரும் தூரத்தைப் புலப்படத்தின் தூரத்தோடு ஒப்பிடுவதுதான் சோதனை. கல் அசையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். டிராக்டர் இடித்துச் சாய்ந்த கல், பாதை போட்டபோது பிடுங்கி ஓரமாக நட்ட கல் எல்லாம் எந்த ஊரிலும் உண்டு. மூன்று கற்களுக்கு நடுவே டேப் பிடித்து, மூன்று தூரமும் புலப்படத்தோடு ஒத்துப்போனால் அந்தக் கற்களை நம்பலாம். கல் கிடைக்காவிட்டால் கவலையில்லை. நீண்டு நேராகப் போகும் கண்மாய்க் கரையில் இரண்டு முளை அடித்து, டேப்பை இழுத்துப் பிடித்து அளந்துகொண்டாலும் அதே பலன்தான்.

இந்தச் சோதனையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இரண்டு புள்ளிகளையும் சில நிமிட இடைவெளியில் எடுத்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பிழை இருக்கும். கழிக்கும்போது அது போய்விடும். அதனால் மொத்தப் பிழை 5 மீட்டராக இருக்கும் கருவிகூட 100 மீட்டர் தூரத்தை ஒன்றிரண்டு மீட்டருக்குள் சொல்லிவிடலாம். மதகின் இடத்தைக் குறிக்கப் போகிறவர் இந்த முடிவை நம்பினால் ஏமாந்துபோவார். பரப்பளவு கணக்கிடப் போகிறவருக்கோ இதைவிடப் பொருத்தமான சோதனை வேறில்லை, ஏனென்றால் கண்மாயைச் சுற்றி நடக்கும்போதும் இதே விதமாகத்தான் பிழையின் பெரும்பகுதி கழிந்துபோகிறது.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். பெரிய கண்மாயைச் சுற்றி வர இரண்டு மணி நேரம் ஆகலாம். தொடங்கும்போது இருந்த பிழை முடிக்கும்போது இருக்காது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்ததும் மறுபடி ஒரு புள்ளி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, நடந்துகொண்டிருந்த நேரத்தில் பிழை எவ்வளவு நகர்ந்தது என்பதைக் காட்டும். பரப்பளவு வேலைக்கு இந்த ஒரு பழக்கம் போதும் என்றுகூடச் சொல்வேன்.

நிலை தெரிந்த புள்ளி

தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வேண்டும். வரைபட வேலையில் அந்தப் படிக்கல், கைக்கருவியைவிடப் பல மடங்கு துல்லியமாக, வேறொரு வழியில் நிலை கண்டறியப்பட்ட புள்ளி. ‘வேறொரு வழியில்’ என்பதுதான் முக்கியம். 1802இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து இந்தியாவின் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணங்கள் பெங்களூரை எட்டியபோது, கணக்கிட்டு வந்த நீளத்தை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே தரையில் புதிதாக ஓர் அடிக்கோட்டை அளந்து ஒப்பிட்டார். நம் சோதனைக்கும் அதே ஒழுங்குதான் தேவை.

அப்படிப்பட்ட புள்ளி எங்கே கிடைக்கும்? பழைய அரசுக் கட்டடங்களிலும் பாலங்களிலும் ஜிடிஎஸ் பிஎம் என்று வெட்டிய கற்களைப் பார்த்துச் சிலர் உற்சாகமாகிவிடுகிறார்கள். அவை கடல்மட்டத்திலிருந்து உயரம் சொல்லும் கற்கள். அட்சரேகை, தீர்க்கரேகைச் சோதனைக்கு உதவாது. இந்திய நில அளவைத் துறை நிறுவிய கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உள்ளன, ஆனால் அவை வெகு தூரத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் கண்மாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்.

எனவே புள்ளியை நாமே உருவாக்குவதுதான் நடைமுறை. இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்கக் கோர்ஸ் எனப்படும் நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களை அமைத்திருக்கிறது. அவற்றிலிருந்து இணையம் வழியே திருத்தம் வாங்கிக்கொள்ளும் ரோவர், திறந்த வெளியில் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலையைத் தரும். ஊர்ப்பக்கம் இதை டிஜிபிஎஸ் சர்வே என்பார்கள். லே-அவுட் போடுகிறவர்களுக்கு அளந்து தரும் தனியார் சர்வேயர்கள் பலரிடம் இந்தக் கருவி இருக்கிறது. 2021 பிப்ரவரி 15இல் மத்திய அரசு புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்திய பிறகு, இந்தியர்கள் இப்படி அளந்து வரைபடம் செய்வதற்குப் பெரும்பாலும் முன் அனுமதி தேவைப்படுவதில்லை.

இணையம் எட்டாத காட்டுப்பகுதி என்றால் இன்னொரு வழி உண்டு. இரு அலைவரிசை ரிசீவரை ஒரே புள்ளியில் முக்காலியில் சில மணி நேரம் வைத்து, பதிவான தரவை ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்பாஸ் அல்லது கனடா அரசின் சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி சேவைக்கு அனுப்பினால், கணக்கிட்டு நிலையைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டும் இலவசம். நம் சோதனைக்கு அந்தத் துல்லியம் தாராளம். ஆனால் ஒரு புள்ளிக்கே மணிக்கணக்கில் ஆகும்.

ரோவரோடு போகிற நாளில் எங்கே புள்ளி வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ரோவருக்குத் திறந்த வானம் பிடிக்கும். அதனால் எல்லாப் புள்ளிகளையும் வெட்டவெளியில் வைத்துவிடுகிறார்கள். கைக்கருவியோ மதகுச் சுவரை ஒட்டியும் ஆலமரத்தடியிலும் வேலை செய்யப் போகிறது. கலுங்கின் மேல் ஒன்று, மதகின் படியில் ஒன்று, கரையின் வளைவில் ஒன்று, கருவேல மரங்களுக்கு இடையே ஒன்று என்று வேலை நடக்கும் இடங்களிலேயே வைக்க வேண்டும். மரத்தடியில் ரோவர் நிலைகொள்ளாவிட்டால், பக்கத்து வெளியில் இரண்டு புள்ளி எடுத்து அங்கிருந்து டேப்பால் உள்ளே கொண்டுவரலாம். சிமெண்டுப் பரப்பில் ஆணி அடித்துப் பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் அதே புள்ளிகள் பயன்படும்.

எத்தனை புள்ளிகள்? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு வரைபடத் துல்லியத் தரநிலை குறைந்தது 20 கேட்கிறது. அது நியாயமான எண். ஒவ்வொன்றிலும் உண்மை நிலைக்கும் கருவி சொன்ன நிலைக்கும் உள்ள தூரத்தை எடுத்து, வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதை 1.7308ஆல் பெருக்கினால் 95 சதவீதப் புள்ளிகள் அடங்கும் ஆரம் கிடைக்கும். எளிதாகப் பார்க்க ஐந்து புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பிழைகள் 2, 3, 3, 4, 9 மீட்டர். சராசரி 4.2. வர்க்கமூலக் கணக்கில் 4.9. 95 சதவீத ஆரம் சுமார் 8.4 மீட்டர். நடுவில் உள்ள எண் 3தான், ஆனால் மரத்தடியில் வந்த அந்த ஒரு 9 எல்லாவற்றையும் மேலே இழுத்துவிட்டது. ‘அது மரத்தடிப் புள்ளி, விட்டுவிடலாம்’ என்று நீக்கத் தோன்றும். நீக்காதீர்கள். மரத்தடிப் புள்ளிகளைத் தனியாக ஒரு கணக்கு, வெட்டவெளிப் புள்ளிகளைத் தனியாக ஒரு கணக்கு போடுங்கள். எங்கே கருவியை நம்பலாம், எங்கே கூடாது என்று அப்போதுதான் தெரியும். கிழக்கு, வடக்கு வித்தியாசங்களையும் தனித்தனியே பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அமைப்பில் ஏதோ பிசகு, நாலாபக்கமும் சிதறினால் அது சாதாரணப் பிழை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் அடிப்படையில் கணக்கிடுவது நீள்கோளத்திலிருந்து உயரம். கடல்மட்டத்தைக் குறிக்கும் ஜியாய்டு என்ற பரப்பு அந்த நீள்கோளத்துக்கு மேலும் கீழும் போகும். உலகிலேயே ஆழமான ஜியாய்டு பள்ளம், சுமார் 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அதன் பாதிப்பு தமிழ்நாட்டிலும் உண்டு. கடற்கரையில் நிற்கும்போது சில செல்போன் செயலிகள் மைனஸ் எண்பது, தொண்ணூறு என்று காட்டுவது இதனால்தான். கைக்கருவிகள் ஒரு மாதிரியை வைத்துத் திருத்திக் காட்டினாலும், மதகின் உயரத்தையோ கலுங்கின் மட்டத்தையோ இவற்றால் அளக்கவே வேண்டாம். அதற்கு லெவல் கருவி இருக்கிறது.

அப்படியானால் எதை எடுப்பது?

ஓர் ஊர், ஒரு கண்மாய், பரப்பளவும் தோராயமான வடிவமும் போதும் என்றால் டேப் சோதனையும், சுற்றி முடித்துத் தொடங்கிய இடத்தில் மறுபடி எடுக்கும் புள்ளியும் போதும். செலவு ஒரு டேப், உடன் வர ஓர் ஆள். படத்தின் மேல் ஒருமுறை போட்டு டேட்டமும் மண்டலமும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல கண்மாய்கள், வரத்துக்கால்கள், மதகுகள் எல்லாம் சேர்த்து, வேறு தரவுகளோடு பொருத்தப் போகும் வரைபடம் என்றால் ரோவர் நாளைத் தவிர்க்காதீர்கள். குழுவில் நாலைந்து கருவிகள் இருந்தால் எல்லாவற்றையும் அதே புள்ளிகளில் சோதியுங்கள், செல்போனையும் சேர்த்து. திறந்த வானத்தில் செல்போன் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் காட்டும் என்பது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் பக்கம் சொல்லும் கணக்கு. வெட்டவெளியில் உங்கள் செல்போன் ஈட்ரெக்ஸுக்கு இணையாக வந்தால், அங்கே செல்போனையே பயன்படுத்தலாம்.

பணமும் இல்லை, ஆனால் இடமும் சரியாக வேண்டும் என்கிறவர்கள்தான் கடினமான நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு, ஒவ்வொரு முக்கியப் புள்ளியையும் வேறு வேறு நேரத்தில் நான்கு தடவையாவது எடுத்துச் சராசரி காண்பதைச் சொல்வேன். அமைப்பு ரீதியான பிழை எஞ்சியிருக்கலாம், ஆனால் நேரத்தோடு நகரும் பிழையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

எந்தச் சோதனையானாலும் வேலையில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே கருவியைப் பிடியுங்கள். ஈட்ரெக்ஸ் வகைக்குள் தட்டையான ஆன்டெனா இருக்கிறது, அதைப் படுக்கையாக, முகம் வானத்தைப் பார்க்கப் பிடிக்க வேண்டும். மேலே தடித்த கொம்பு உள்ள ஜிபிஎஸ்மேப் வகையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மார்போடு ஒட்டிப் பிடித்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கும். ‘சாலையோடு ஒட்டு’ என்ற அமைப்பு திறந்திருந்தால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் கரையில் நடக்கும்போது கருவி உங்களைப் பக்கத்துத் தார்ச்சாலையில் நடக்க வைக்கும். தடத்தைப் பதிவு செய்யும் இடைவெளியைத் தானியங்கியில் விடாமல் ஒரு நொடி என்று வையுங்கள். புள்ளிகளைப் பாகையில் எழுதுவதாக இருந்தால் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். ஐந்தாவது இலக்கம் சுமார் 1.1 மீட்டர். நான்கோடு நிறுத்தினால் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு திசையிலும் சுமார் 5.5 மீட்டர் வரை நீங்களே தொலைத்துவிடுவீர்கள்.

சோதனையில் மரத்தடி எண்கள் மோசமாக வந்தால் புதுக் கருவி வாங்கும் யோசனைக்கு உடனே போக வேண்டாம். மதகு ஆலமரத்தின் கீழ் இருக்கிறது என்றால், வானம் தெரியும் இரண்டு இடங்களில் நின்று புள்ளி எடுங்கள். அங்கிருந்து மதகின் மூலைக்கு டேப் பிடித்து இரண்டு தூரங்களையும், மதகு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து வரையும்போது இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மதகை வைத்துவிடலாம்.